நாய்க்கு வந்த சம்பந்தி மாலை

சித்தூரில், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். அந்த வாரம் கடை மூடிக் கிடந்தது. திறந்த அன்று முதலில் வந்த ஆள் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்று, "குக்க செத்ததுக்கா கடைய மூட்ன?" என்று கேட்டுச் சிரித்தான். எங்கள் ஊர்த் தெலுங்கில் குக்க என்றால் நாய். அவன் மோட்டாரைத் தூக்கி அவன் வந்த ஆட்டோவிலேயே திருப்பி வைத்தேன். வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நல்ல வாடிக்கைதான். போகட்டும்.

நாய்தானே என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. இது அவர்களுக்கு எழுதியது அல்ல.

அதற்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அது நாங்கள் நாலு பேர் கூப்பிட்ட பெயர். கண்டவர்கள் வாயில் அது வர வேண்டாம்.

நாலு பேர் என்றால் நைனா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பா, அம்மா, நான், தங்கை. நாங்கள் நகரி பக்கத்துக்காரர்கள். பங்காளிகளோடு ஒத்துப்போகாமல் நைனா அங்கிருந்த நிலத்தை விற்றுவிட்டு, பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு வாங்கினார். தோப்புக்குள்ளேயே வீடு. நைனாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். நான் சித்தூரில் கடைக்கு மேலே ஒரு ரூமில் இருக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, காரணம் கேட்காதீர்கள். தங்கையைத் திருப்பதியில் கொடுத்திருக்கிறது.

நாய் வந்தது ஒரு மாங்காய் சீசனில். தோத்தாபுரி மாங்காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அந்த வரிசை நகராது. சாப்பாடும் தூக்கமும் டிரெய்லருக்கு அடியில்தான். அப்படி நின்றபோது ஒரு குட்டி எங்கிருந்தோ வந்து நைனாவின் தூக்குச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்தது. பெட்டைக் குட்டி, செம்மண் நிறம். நைனா ராகி சங்கடி உருண்டையில் கொஞ்சம் கிள்ளிப் போட்டார். தின்றுவிட்டு அங்கேயே உட்கார்ந்தது. காயை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் காலி டிரெய்லரில் மாவிலைக் குப்பைக்கு நடுவே படுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிட்டது.

"நாயி எதுக்கு?" என்றாள் அம்மா.

"நான் இட்டுனு வர்ல. அதுவா வந்துச்சி" என்றார் நைனா. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னார்.

நைனா ஆச்சாரக்காரர். நெற்றியில் நாமம் இல்லாமல் வெளியே போக மாட்டார். புரட்டாசி தோறும் திருப்பதி அடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்து மலை ஏறுகிறவர். நாயைத் தொட்டால் கை கழுவுவார். முதல் வருடம் ஒவ்வொரு தடவையும் கழுவினார். அப்புறம் வேட்டியில் துடைத்தார். அப்புறம் அதுவும் இல்லை. பொழுது சாய்ந்ததும் வெளியே கயிற்றுக் கட்டிலில் படுப்பார், கை ஒன்று கீழே தொங்கும். கைக்குக் கீழே நாயின் தலை இருக்கும். "இன்னா நைனா, தடவிக் குடுக்கறியா?" என்று கேட்டால் கையைச் சட்டென்று மேலே எடுத்துக்கொள்வார். "கொசு கடிச்சிச்சி" என்பார்.

மாம்பழம் தின்னும். முன்னங்கால் இரண்டாலும் கொட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சப்பும். சீசன் முழுக்க மூக்கு மஞ்சளாக இருக்கும். ஆனால் தோத்தாபுரி போட்டால் தொடாது. முகர்ந்து பார்த்துவிட்டு நைனா முகத்தைப் பார்க்கும். பேனிஷா, அதாவது பங்கனப்பள்ளிப் பழம்தான் வேண்டும். "ஃபேக்டரி காய் ஆவாதாம்மா மகாராணிக்கு" என்று அம்மா திட்டிக்கொண்டே பழுத்த பேனிஷாவைத் தேடிப் போவாள். எனக்கு அந்த மாதிரிப் பழத்தை அம்மா தேடிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

குரங்கு வந்தால் குரைக்கும். மயில் வந்தால் குரைக்கும். போஸ்ட்மேனுக்கும் குரைக்கும். என் பைக் சத்தத்துக்கு மட்டும் குரைக்காது. ரோட்டிலிருந்து தோப்புக்குள் திரும்பும்போதே ஓடி வந்து, முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வீடு வரைக்கும் கூட ஓடி வரும். யானை வந்தாலும் குரைக்காது. பலமனேர் காட்டுப் பக்கமிருந்து ஒரு தடவை யானை இறங்கி எங்கள் தோப்பு ஓரம் வரை வந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரம். நாய் சத்தமே போடாமல் வந்து மூக்கை நைனாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தியது. அது நடுங்கியதைப் பார்த்துத்தான் நைனா அம்மாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். எதற்குக் குரைக்கலாம், எதற்குக் கூடாது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? எனக்கு இந்த வயதிலும் அந்தப் புத்தி வரவில்லை.

தங்கையின் மாமியாருக்கும் நாய்க்கும் முதல் நாளே சண்டை. சம்பந்தி அம்மா பெண் பார்க்க வந்த அன்று புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே காபி குடித்துவிட்டு வெளியே வந்தால் ஒரு கால் செருப்பு இல்லை. தோப்பு முழுக்கத் தேடினோம். மாப்பிள்ளையும் தேடினார். நாய் மட்டும் எங்கேயும் போகாமல் வாசலில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தது. சம்பந்தி அம்மா என் அம்மாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் போனாள். "மொதல்ல அந்த மூதேவியக் கட்டிப்போடுங்க, அப்பறம் நிச்சயதார்த்தம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொள்வாள். சாப்பிடும்போதுகூட மடியில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் செருப்பு இருக்கும்.

இந்தச் சம்பந்தி அம்மாவை எனக்குப் பிடிக்காது. எதிலும் முறை பார்க்கிறவள். யார் முதலில் தாம்பூலம் எடுக்க வேண்டும், எந்தக் கிழமை எந்தத் திசை என்று பேசிக்கொண்டே இருப்பாள். எங்கள் பக்கம் எது செய்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பாள்.

அவள் கையில் எங்கள் குறை ஒன்று பெரிதாக அகப்பட்டிருந்தது. தங்கை பையனுக்கு மலையில் முதல் முடி இறக்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போடுவது முறை. தாய்மாமன் என்றால் நான் ஒருவன்தான். ஒற்றைப்படை வயதில் போட வேண்டும். ஒரு வயதில் போடலாம் என்றபோது மாங்காய் சீசன், நைனா வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது வருடத்தில் ஒரு தேதி வைத்தார்கள், எனக்கு டைஃபாய்டு வந்து படுத்துவிட்டேன். இரண்டு தடவையும் தடை எங்கள் பக்கத்திலிருந்துதான். பையனுக்கு முடி தோளுக்குக் கீழே தொங்கியது. பார்க்கிறவர்கள் பாப்பா என்று கூப்பிட்டார்கள். இந்தத் தடவை விட்டால் மூன்று முடிந்துவிடும், அப்புறம் ஐந்துதான். "ஒங்க வூட்டுக்காரங்களுக்கு எம்பேரன் மேல அக்கற இல்ல" என்று தங்கையைத் தினமும் குத்திக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை முகூர்த்தம். ரூம் போட்டாகிவிட்டது. தரிசன டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இந்த முறையும் எங்களால் நின்றது என்றால் தங்கையால் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எங்கள் நாலு பேருக்கும் இது தெரியும்.

திங்கட்கிழமை விடிகாலை நாய் செத்தது.

வயதுதான். கொஞ்ச நாளாகவே சோறு இறங்கவில்லை. சித்தூரில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரகம் போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருங்கள் என்றார். நல்ல மனிதர். ஊசி போட்டு ஏமாற்றவில்லை. நைனா அதைக் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் கோணி விரித்துப் படுக்க வைத்தார். கட்டிலில் படுத்துக் கையைக் கீழே தொங்கப் போட்டார். இப்போது யார் பார்த்தாலும் கையை எடுக்கவில்லை.

விடிந்ததும் எனக்குப் போன் வந்தது. "வா" என்றார். அவ்வளவுதான். நான் பைக் எடுத்துக்கொண்டு போனேன். தோப்புக்குள் திரும்பும்போது யாரும் ஓடி வரவில்லை. பழக்கத்தில் நான் வேகத்தைக் குறைத்தேன், சக்கரத்தில் மாட்டிவிடக் கூடாது என்று. வீடு வரை அப்படியே மெதுவாகத்தான் ஓட்டினேன்.

தோப்பில் மாம்பூ பூத்திருந்த நேரம். ஒரு பேனிஷா மரத்தைக் காட்டி, அதனடியில் வெட்டு என்றார் நைனா. மண்ணுக்குக் கீழே எல்லாம் கல். கடப்பாரை போட்டால் பொறி பறந்தது. முழங்கால் ஆழம் போயிருப்பேன், நைனா மெதுவாகச் சொன்னார்.

"திருப்பதிக்கு போன் பண்ணி சொல்ட்டேன்."

"இன்னா சொன்ன?"

"மலைக்கு வர்லன்னு."

கடப்பாரையைப் போட்டேன். "இன்னாத்துக்கு வர்ல?"

"வூட்ல சாவு உழுந்து கீது. எப்டி மலை ஏறுவ?"

வீட்டில் சாவு என்றால் ஒரு வருடம் மலை ஏறக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நைனாவின் அம்மா செத்தபோது அந்தப் புரட்டாசி முழுக்க அலிபிரி வரை போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தவர் இவர். ஆனால் அது மனிதச் சாவுக்கு. நாய்க்கு யாரும் தீட்டுக் காத்து நான் கேள்விப்பட்டதில்லை.

"நைனா, ஒனக்கு இன்னா பைத்தியமா? தங்கச்சி கதிய நெனச்சிப் பாத்தியா?"

"எங்கையால துன்ன ஜீவன். இந்த வூட்ல பொறந்த மாதிரி இருந்துச்சி. இந்த வூட்ல செத்துச்சி. சாவு இல்லன்னு பொய் சொல்லிக்கினு பெருமாள் முன்னாடி நிக்கச் சொல்றியா?"

"சம்பந்திகிட்ட இன்னான்னு சொன்ன? நாயின்னு சொன்னியா?"

நைனா குழி ஓரத்து மண்ணைக் காலால் தள்ளினார். அம்மாதான் வீட்டுக்குள்ளிருந்து சொன்னாள். "வூட்ல சாவு ஆயிடுச்சி, மலைக்கு வர மாட்டோம், மன்னிச்சிக்கோங்கம்மான்னாரு. அதுக்கு மேல முடியல. அழுகை வந்துடுச்சி. வெச்சிட்டாரு."

நைனா எவரிடமும் அழுதவர் இல்லை. சம்பந்தியிடம் அழுதிருக்கிறார்.  கோபத்தில் கடப்பாரையை எடுத்தேன். குழியை முடித்துவிட்டுத் திருப்பதிக்கு நானே பேசலாம், எப்படிப் பேசுவது என்று அதற்குள் யோசிக்கலாம் என்றுதான் நினைத்தேன். நாய்க்காக மொட்டை நின்றது என்று அவளிடம் சொல்ல வேண்டுமே. போன் பைக்கின் கவரில் கிடந்தது. மாப்பிள்ளை தன் அம்மாவுக்குத் தெரியாமல் கூப்பிட, அங்கே அது அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

திருப்பதியில் நடந்தது தங்கை பிறகு சொன்னது. நைனாவின் அழுகையைக் கேட்டதும் சம்பந்தி அம்மா முடிவு செய்துவிட்டாள்: ஆம்பளை அழுகிறான் என்றால் போனது பொண்டாட்டிதான். திரும்பப் போன் செய்து யார் என்று கேட்பது முறையில்லை. பெண்ணுக்கும் உடனே சொல்லக் கூடாது, அதுவும் முறை. "ஒங்கம்மாவுக்கு கொஞ்சம் ஒடம்பு சரியில்லியாம். ஒண்ணும் பயப்படாத, சொம்மா பாத்துட்டு வரலாம்" என்று சொல்லி, யாராவது போனில் உளறிவிடுவார்கள் என்று தங்கையின் போனை வாங்கி அணைத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை வழியில் பாகாலாவில் காரை நிறுத்தி, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாலை வாங்கி டிக்கியில் வைத்தார். கோடிப் புடவை ஒன்றும் வாங்கினார். டிக்கி திறந்து மூடியபோது காருக்குள் ரோஜா வாசம் வந்தது. தங்கைக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்று பாகாலாவிலிருந்து எங்கள் தோப்பு வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறாள்.

இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. சாவைச் சொல்லாமல் கூட்டிப் போவது என்ன முறை? இரண்டு மணி நேரம் ஒரு பெண்ணைக் காருக்குள் வைத்துத் துளித்துளியாகக் கொல்வதற்குப் பெயர் முறையா?

கார் வந்து நின்றது. கதவு திறந்ததும் சம்பந்தி அம்மா ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மார்பில் அடித்துக்கொண்டு இறங்கினாள்.

"என் அண்ணீ! ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டியே அண்ணீ! பேரன் மொட்டையப் பாக்காம போய்ட்டியே!"

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வாளியோடு வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தாள். சம்பந்தி அழுதுகொண்டு வருவதைப் பார்த்ததும் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான், திருப்பதியில் யாரோ போய்விட்டார்கள். வாளியைக் கீழே போட்டு ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். "ஐயோ சம்பந்தி, யாருக்கு இன்னாச்சி!" என்று அவளும் அழத் தொடங்கினாள். சம்பந்தி அம்மா ஒரு நொடி திகைத்தாள். அண்ணி உயிரோடு இருந்தால் போனது அண்ணன் என்று, போன் செய்ததே அவர்தான் என்பதை மறந்து, கணக்கை மாற்றிக்கொண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டி, "என் அண்ணா!" என்று ஆரம்பித்தாள். நைனா வெளியே வந்தார். அடுத்தது நான் என்று முடிவு செய்திருப்பாள். நான் குழியிலிருந்து கடப்பாரையோடு ஏறி வந்தேன்.

அழுகை நின்றது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"எல்லாரும் கீறீங்களே!" என்றாள். ஏதோ நாங்கள் தப்பு செய்த மாதிரி. "அப்ப யாரு செத்தது?"

நைனா கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார்.

மாப்பிள்ளை முதலில் சிரித்துவிட்டார். யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தங்கை ஓடிப் போய் அம்மாவைப் பிடித்து உலுக்கினாள், தோளில் அடித்தாள், அப்புறம் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கோணியைப் பார்த்தாள். மண்ணில் உட்கார்ந்து நாயின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் காலேஜ் போன காலத்தில் பஸ் ஸ்டாப் வரை தினமும் கூடப் போய், பஸ் கிளம்பின பிறகு தனியாகத் திரும்பி வரும் நாய் அது. பையன் காரிலிருந்து இறங்கி வந்து அதன் காதைப் பிடித்து இழுத்தான். "எழுப்பும்மா" என்றான்.

சம்பந்தி அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாய்க்கா? அண்ணா, எங்கள இன்னான்னு நெனச்சிக்கினு கீறீங்க? எதோ அண்ணி பூட்டாங்கன்னு நான் வழியெல்லாம் ஒப்பாரி கட்டிக்கினு வர்றேன். நாயி செத்துச்சின்னு எம்பேரன் மொட்டைய நிறுத்துவீங்களா? அதுவும் என் செருப்ப எட்த்துக்கினு போன அந்த மூதேவிக்கா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும், நல்லதாக இருந்திருக்காது. அதற்குள் நைனா பேசினார். குரல் எழுப்பவில்லை.

"எனக்கு வேற வார்த்த தெரிலம்மா. சாவுன்னுதான் வந்துச்சி. தப்புன்னா மன்னிச்சிக்கோங்க. பேரன் மொட்டைய நீங்க நடத்துங்க. எம்மவன் வருவான். நான் வர்ல. எனக்கு மனசு தீட்டா கீது."

சம்பந்தி அம்மா கைப்பையிலிருந்து தங்கையின் போனை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தாள். மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, டிக்கில அந்த மாலைய இன்னா பண்றது?"

"எந்த மால?" என்றாள் அம்மா.

மாப்பிள்ளை டிக்கியைத் திறந்தார். பெரிய மாலை. ரோஜாவும் சம்பங்கியும், நடுவே ஜரிகை. பக்கத்தில் கவரில் கோடிப் புடவை. அம்மா கிட்டே போய் எடுத்துப் பார்த்தாள். நல்ல கிளிப்பச்சை.

"எனக்கா சம்பந்தி எட்த்துனு வந்தீங்க?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே புடவையைப் பிரித்துப் பார்த்தாள். "இந்தப் பச்ச எனக்கு ஆவாதுன்னு எத்தினி வாட்டி சொல்லி கீறேன்? செத்தாலாச்சும் புடிச்ச கலர் எட்த்துக் குடுக்கக் கூடாதா?"

சம்பந்தி அம்மா அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள், அந்த அழுகை முன்பு அழுதது மாதிரி ராகம் போட்டு வரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கார்ல வர்றப்ப நெஜமாவே வயிறு எரிஞ்சிச்சி அண்ணி" என்றாள். அவளைப் பற்றி முதல் தடவையாக எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது.

கொஞ்ச நேரம் மாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மகனிடம் சொன்னாள்.

"சாவு வூட்டுக்கு எட்த்துனு வந்த மாலைய திருப்பி எட்த்துனு போக்கூடாது. வழில வீசவும் கூடாது. போட்டுத்தான் ஆவணும்."

"யாருக்கும்மா?"

"யாரு செத்ததோ அதுக்கு."

கையில் வைத்திருந்த செருப்பைக் காருக்குப் பக்கத்திலேயே விட்டாள். எங்கள் வீட்டில் அவள் செருப்பைத் தரையில் விட்டு நான் அன்றுதான் பார்த்தேன். டிக்கியிலிருந்து மாலையை அவளே எடுத்தாள். நாயைப் புடவையில் சுற்றச் சொன்னாள். தங்கையும் நானும் சுற்றினோம். கிளிப்பச்சைக்குள் அந்தச் செம்மண் நிற முகம் மட்டும் தெரிந்தது. மூக்கு ஓரத்தில் முடி நரைத்திருந்தது. சம்பந்தி அம்மா குனிந்து மாலையைப் போட்டாள். "எங்க வெச்ச மூதேவி என் செருப்ப?" என்று அதனிடம் மெதுவாகக் கேட்டாள்.

குழியில் இறக்கினோம். நைனா ஒரு பிடி மண் போட்டார். மீதியை நான் தள்ளினேன். வேகமாகத் தள்ளினேன், நின்று நின்று தள்ள என்னால் முடியவில்லை.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் குளிக்காமல் போகக் கூடாது. சம்பந்தி அம்மா குளித்துவிட்டுத்தான் போவேன் என்றாள். போர் மோட்டாரைப் போட்டேன். அதற்குக் காயில் கட்டியது நான்தான், தண்ணீர் பைப்பு நிறைய வரும். அவள் கட்டிய புடவையோடு தொட்டியில் இறங்கித் தலையில் தண்ணீரை வாங்கிக்கொண்டாள். ஈரத்தோடு கரையேறி, அம்மா கொடுத்த மாற்றுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நைனாவுக்கு எதிரில் நின்றாள்.

"அண்ணா, ஒங்களுக்கு ஒரு வருசத் தீட்டு எங்கருந்து வந்துச்சி? பெத்தவங்க செத்தா ஒரு வருசம். பங்காளி செத்தா பதினாறு. கட்டிக் குடுத்த பொண்ணு செத்தா பொறந்த வூட்டுக்கு மூணு நாள்தான். இது பொண்ணுதான?"

நைனா தலையை ஆட்டினார்.

"அப்ப மூணு நாள். புதங்கெழம பாலு தெளிங்க, வூட்ட கழுவி உடுங்க. வியாழக்கெழம சுத்தமா மலைக்கு வாங்க."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "கட்டிக் குடுத்த பொண்ணுக்குத்தான, அத்த, மூணு நாள்? இதுக்கு எப்ப கல்யாணம் ஆச்சி?"

"குட்டி போட்டுச்சா இல்லியா?"

"போட்டுச்சி."

"அப்ப ஆச்சின்னு வெச்சிக்க. வந்துட்டான் பெரிய ஐயரு."

மாப்பிள்ளை தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய்க்கு இப்படி ஒரு கணக்கை யாரும் போட்டதில்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், நைனாவுக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் நைனா அவளைக் கும்பிட்டார். "நீங்க முறை தெரிஞ்சவங்க. சொன்னா சரி" என்றார்.

அவளும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போனார்கள். தங்கையையும் பையனையும் எங்களோடு விட்டுவிட்டுப் போனாள். "மூணு நாளு அவளும் இருக்கட்டும், பொறந்த வூட்டுத் தீட்டு அவளுக்குந்தான்" என்றாள். புதன்கிழமை காலையில் நைனா ஒரு சொம்புப் பாலை அந்தப் பேனிஷா மரத்தடியில் ஊற்றினார். மண்மேட்டில் மாம்பூ உதிர்ந்து கிடந்தது. பையன் மண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, பால் குடிக்க வரவில்லை என்று அம்மாவிடம் புகார் சொன்னான். தங்கை வீடு முழுக்கக் கழுவினாள். கட்டிலுக்கு அடியில் கழுவும்போது மட்டும் நேரம் ஆனது.

வியாழக்கிழமை மலையில் மொட்டை போடும் இடத்தில் நல்ல கூட்டம். பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்ததுமே கத்த ஆரம்பித்தான். கத்தி பட்டதும் என் வேட்டியை நனைத்துவிட்டான். என் கையைக் கடித்தான். நான் அவன் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்று வருட முடி கற்றை கற்றையாக என் மடியில் விழுந்தது. தங்கை சிரித்தாள். அவள் அந்த மாதிரி சிரித்து நாளாகியிருந்தது. சம்பந்தி அம்மா தன் பக்கத்து உறவுக்காரர்களிடம், "தாய்மாமன் மடில எப்டி ராஜா மாதிரி ஒக்காந்து கீறான் பாருங்க" என்றாள். அவன் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த நாவிதரிடம் நைனா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

நைனாவுக்கு நல்ல முடி. இந்த வயதிலும் அடர்த்தி. எண்ணெய் தேய்த்துப் படிய வாரி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சீப்பு வைத்திருப்பார். எத்தனையோ புரட்டாசி மலை ஏறியவர், ஒரு தடவையும் முடி கொடுத்ததில்லை. "குண்டு கொட்டாலா பெத்தாயனா?" என்று கத்தி வைத்திருந்தவர் தெலுங்கில் கேட்டார், மொட்டையா பெரியவரே என்று. நைனா ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கை ஒன்று பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை முடி விழுந்துகொண்டே இருந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான மொட்டைத் தலைகள். யார் யாருக்காகக் கொடுக்கிறார்கள் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. எல்லாம் சாமிக்குத்தான்.

அம்மா பார்த்தாள். தங்கை பார்த்தாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, அது எனக்குப் பெரிய காரியம்.

சம்பந்தி அம்மா பையன் தலைக்குச் சந்தனம் பூசி முடித்தாள். கிண்ணத்தில் இன்னும் மீதி இருந்தது. நைனாவைப் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்பாள் என்று நான் நினைத்தேன், எதற்கும் முறை கேட்கிறவள் ஆயிற்றே. கேட்கவில்லை. கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

"ஒங்க நைனாவுக்கும் தடவுடா" என்றாள்.

அவர் தலையை நான் அதற்கு முன்னால் தொட்டதே இல்லை. சின்னத் தலை. கத்தி பட்ட இடத்தில் ஒரு கீறல் இருந்தது, அதை விட்டுவிட்டுச் சுற்றிலும் பூசினேன். பூசி முடித்த பிறகும் கையை உடனே எடுக்கவில்லை. அவரும் நகரவில்லை.